இருபத்தைந்தாம் தேதி புக் ஆகிவிட்டது

குளோரியா பேசினால் எங்கள் சந்தின் கோடி வீட்டுக்காரர்கூட டிவி சத்தத்தைக் குறைத்துக்கொள்வார். பிரேசர் டவுனில் மாஸ்க் ரோட்டுக்குப் பின்னால் இருக்கிற சந்து அது. நான் அவளுக்கு நேர் எதிர் வீடு. இத்தனை வருஷத்தில் அவள் சண்டை போடாத ஆள் இந்தச் சந்தில் நான் ஒருத்திதான். அதுவும் என் பொறுமையால்தான், அவளுடைய பொறுமையால் அல்ல.

அவள் புருஷன் சில்வெஸ்டர் மாரடைப்பில் போனபோது மகள் மௌரீன் ஏழாம் வகுப்பில் இருந்தாள். அடக்கம் முடிந்து உறவுக்காரர்கள் கலைந்த சில நாட்களிலேயே குளோரியா முன் அறை சோபாவைத் தூக்கி வெளியே போட்டாள். ஒரு பெரிய கண்ணாடியும் சுழல் நாற்காலியும் வாங்கி வைத்து, வாசலில் பியூட்டி பார்லர் போர்டு மாட்டினாள். "என்னடி இது, இன்னும் துக்கமே ஆறல" என்று நான் கேட்டதற்கு, "துக்கம் ஆறட்டும்க்கா, அது பாட்டுக்கு ஆறட்டும். ஸ்கூல் ஃபீஸ் ஆறுமா?" என்றாள்.

ரொம்ப நாள் புருவம் திருத்துவதும் ஃபேஷியலும்தான் தொழில். கல்யாண மேக்கப் எப்போதாவது வரும். பார்லருக்கென்று பேஜ் ஆரம்பித்துக் கொடுத்தது மௌரீன்தான். பி.காம். படித்துக்கொண்டிருந்தாள் அப்போது. "போர்டப் பாத்து யாரும்மா வராங்க இப்ப? போன்ல பாத்துத்தான் வராங்க" என்று சொல்லி, அம்மாவின் பின்னால் போனைத் தூக்கிக்கொண்டு கல்யாண வீடு கல்யாண வீடாகப் போனாள்.

குளோரியாவுக்குத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. புடவை கட்டி, நகை போட்டு, பூ வைத்து எல்லாம் முடித்த பிறகு, பொட்டை மட்டும் தன் கையால் வைக்க மாட்டாள். பெண்ணின் அம்மாவைக் கூப்பிட்டு, "நீங்க வைங்கம்மா. இது என் வேலையில்ல" என்று சொல்லி ஒதுங்கி நிற்பாள். கிறிஸ்தவப் பெண்ணாக இருந்தால் தலையில் வெள்ளை நெட் முக்காடு போடுவது அம்மாவின் வேலை. மௌரீன் அந்தக் காட்சியைப் பிடித்துக்கொண்டாள். பேஜில் போடுகிற எல்லா வீடியோவையும் அந்த அம்மாக்களின் கையோடு முடித்தாள். சில அம்மாக்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டே வைப்பார்கள். சிலர் வைத்துவிட்டு நெட்டி முறிப்பார்கள். அதைப் பார்ப்பதற்கென்றே எங்கெங்கோ இருக்கிறவர்கள் பேஜுக்கு வந்தார்கள். கல்யாணப் பெண்கள் பாதிப் பேர் குளோரியாவையே அம்மா என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். "எங்கம்மா ஊருக்கே அம்மா, ஆன்ட்டி" என்று மௌரீன் என்னிடம் கிண்டல் செய்வாள். அப்போது அது கிண்டல்தான்.

பேஜை ஒரே நாளில் தூக்கி நிறுத்தியது வேறொரு படம். மௌரீனுக்கு அந்த வயதில் முகம் முழுக்கப் பரு, பழுத்துப் புண்ணாகிக் கிடக்கும். ஒரு நாள் காலை எழுந்ததும் எழாததுமாக, முகம்கூடக் கழுவாமல் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவளை குளோரியா படம் பிடித்தாள். பிறகு அவளுக்கே மேக்கப் போட்டு இன்னொரு படம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, முன்னே, பின்னே என்று எழுதிப் போட்டார்கள். மௌரீனும் சிரித்துக்கொண்டேதான் சம்மதித்தாள், நான் பார்த்தேன். படம் பிய்த்துக்கொண்டு போனது. சித்தூரிலிருந்தும் ஓசூரிலிருந்தும் கல்யாண ஆர்டர் வந்தது. பேஜைத் திறந்தால் முதலில் அந்தப் படம்தான் தெரியும்படி குளோரியா மேலே நிறுத்தி வைக்கச் சொன்னாள்.

பரு ஆறிவிட்டது, படம் ஆறவில்லை. யாரோ முகம் தெரியாத க்ரீம் வியாபாரி அதைத் திருடி அவன் விளம்பரத்தில் போட்டான். மௌரீன் வேலைக்குச் சேர்ந்த கம்பெனியில் எவனோ அதைக் கண்டுபிடித்து, முதல் பாதியை மட்டும் வெட்டி, 'திங்கட்கிழமை காலை' என்று எழுதி ஆபீஸ் குரூப்பில் சுற்றவிட்டான். இவள் கேன்டீனுக்குப் போனால் சிரிப்பார்கள். வீட்டுக்கு வந்து அந்தப் படத்தை எடுத்துவிடச் சொன்னாள். ஒரு தடவை இல்லை, பல தடவை சொன்னாள். ஒவ்வொரு தடவையும் குளோரியா, "சீசன் முடியட்டும்டி" என்பாள். பெங்களூரில் கல்யாண சீசன் எப்போது முடிந்திருக்கிறது?

கடைசிச் சண்டை எங்கள் வீட்டுக்கே தெளிவாகக் கேட்டது.

"அந்த ஒரு போட்டோலதான்டி இந்த வீடே நடக்குது! நீ படிச்சது, நீ போட்டுனு இருக்கிற செருப்பு, எல்லாம்!"

"அது என் மூஞ்சிம்மா."

"பெத்தவ நான்டி. எனக்கில்லாத மூஞ்சியா?"

"நீ என்னைப் பாக்கறதே இல்லம்மா. போனுக்குள்ள இருக்கிறவளத்தான் பாக்குற."

மௌரீன் ஒரு பையோடு பொம்மனஹள்ளியில் ஏதோ லேடீஸ் பி.ஜி. ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். குளோரியா ஆத்திரத்தில் மகளுடைய நம்பரை பிளாக் செய்தாள். ஆத்திரம் அடங்கியதும் எடுத்தும்விட்டாள். ஆனால் அந்த நடுவிலே மௌரீன் ஒரு தடவை கூப்பிட்டுப் பார்த்திருக்கிறாள். மணி அடிக்காமலே கட்டாகியிருக்கிறது. அதற்குப் பிறகு அவள் கூப்பிடவில்லை. இவளும் கூப்பிடவில்லை. அம்மாவும் மகளும் ஒரே அச்சு, யார் யாருக்குப் புத்தி சொல்வது?

மகள் போனபின் பேஜைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. கோரமங்களாவில் இந்த வேலைக்கென்றே ஓர் ஆபீஸ் இருக்கிறது. மாதாமாதம் பணம் கொடுத்தால் போதும், வீடியோ போடுவது, கேட்கிறவர்களுக்குப் பதில் எழுதுவது எல்லாம் அவர்கள் பொறுப்பு. அங்கே உமேஷ் என்று ஒருவர். கன்னடக்காரர், நன்றாகவே தமிழ் பேசுவார், குழந்தை குட்டி உள்ளவர், தங்கமான மனுஷன். பல கடைகளின் பேஜை அவர் ஒருவரே பார்க்கிறார். முதல் நாள் அவர் வந்தபோது நானும் இருந்தேன். குளோரியா அவருக்கு டீ கொடுத்துவிட்டுப் பாடம் எடுத்தாள்.

"பொண்ணுங்க கதை கதையா எழுதுவாங்க உமேஷ். லவ் மேரேஜ், வீட்ல ஒத்துக்கல, அப்பா இல்ல, அது இதுன்னு. அதெல்லாம் படிச்சினு உக்காராதீங்க. தேதிய மட்டும் பாருங்க. காலியா இருந்தா எஸ். இல்லாட்டி புக் ஆயிடுச்சு, வேற தேதி சொல்லுங்கன்னு போட்டுடுங்க. அவ்ளோதான்."

"சரி மேடம்" என்றார் அவர். அதற்குப் பிறகு பேஜுக்கு வருகிற மெசேஜ்களை குளோரியா திறந்துகூடப் பார்த்ததில்லை. முடிவான ஆர்டர் மட்டும் அவளுக்கு வாட்ஸ்அப்பில் வரும்.

போன கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மத்தியானம் என் வீட்டுக்கு வந்தாள். கையெல்லாம் மைதா மாவு. தனியாக உட்கார்ந்து கிறிஸ்துமஸ் பலகாரத்துக்குக் கல்கல் உருட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். யாருக்குத்தான் உருட்டினாளோ! போனை என்னிடம் நீட்டி, "அல்போன்சாக்கா, இந்தப் படத்த எப்படி எடுக்கறது?" என்றாள். எனக்கு மட்டும் என்ன தெரியும்? இருவரும் அங்கே இங்கே அழுத்திக் கடைசியில் கண்டுபிடித்தோம். நீக்கிவிடவா என்று போன் கேட்டது. அவள் என் முகத்தைப் பார்த்தாள். மாவுக் கையாலேயே அழுத்தினாள். போய்விட்டது.

"அவ பாப்பாளாக்கா?"

"தினம் பாத்துனுதான் இருப்பா. நீ ஒரு போன் போடேன்டி."

"பெத்தவ நானு. நானா போய்க் கூப்பிடணும்? படம் எடுத்தாச்சு. பாத்தா வரட்டும்."

அந்த வாய்க்கு அதற்கு மேல் இறங்கி வரத் தெரியாது. ஆனால் கிறிஸ்துமஸ் அன்று முழுக்க வாசல் கேட் திறக்கிற சத்தம் கேட்கும்போதெல்லாம் அவள் எட்டிப் பார்த்ததை நான் என் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

இதற்குப் பிறகு நடந்ததை உமேஷிடமும் மௌரீனிடமும் கேட்டுத்தான் சொல்கிறேன்.

மௌரீன் பார்த்தாள். கிறிஸ்துமஸ் கழிந்து பேஜைத் திறந்தவளுக்கு மேலே அந்தப் படம் இல்லை. கீழே வரை தேடினாள். எங்கேயும் இல்லை. அம்மா இறங்கி வந்துவிட்டாள் என்று அவளுக்குப் புரிந்தது. அந்தப் பெண் பி.ஜி. கட்டிலில் உட்கார்ந்து அழுதிருக்கிறாள். அப்போது அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. கூட வேலை செய்கிற கேசவ். ரிஜிஸ்டர் கல்யாணம், பிறகு கேசவ் வீட்டு முறைப்படி ஒரு சின்ன ஹாலில் தாலி. போனில்தான் அம்மா தன்னை பிளாக் செய்துவிட்டாளே என்ற நினைப்பு அவளுக்கு. அதனால் பேஜுக்கே எழுதினாள்.

"அம்மா, ஜனவரி 25 எனக்குக் கல்யாணம். பொம்மனஹள்ளியில ஒரு சின்ன ஹால். நீ வந்து மேக்கப் போட்டுவிடுவியா? பொட்டு வைக்க ஆள் வேணும்."

அவ்வளவுதான் எழுதினாள். பேர்கூடப் போடவில்லை. அம்மாவுக்கு எழுதுகிற பெண் எதற்குப் பேர் போடுவாள்? அந்த ஆபீஸ் கூத்துக்குப் பிறகு அவள் எங்கேயும் தன் முகத்தை வைப்பதில்லை. அவளுடைய கணக்கில் முகத்துக்குப் பதில் ஒரு பூனைப் படம்தான் இருந்தது.

உமேஷுக்கு வருஷக் கடைசி, தலைக்கு மேல் வேலை. அம்மா என்று ஆரம்பிக்கிற மெசேஜ் அந்த பேஜுக்கு நிறைய வரும். அவர் தேதியைப் பார்த்தார். இருபத்தைந்தாம் தேதி அடுகோடியில் ரக்ஷிதா என்ற பெண்ணுக்குக் கொடுத்தாகியிருந்தது. குளோரியா சொல்லிக்கொடுத்தபடியே பதில் போட்டார்.

"சாரி, இருபத்தைந்தாம் தேதி புக் ஆகிவிட்டது. வேறு தேதி இருந்தால் சொல்லவும்."

தானாகப் போகிற பதில் எப்படி இருக்கும் என்று மௌரீனுக்குத் தெரியும், அதையெல்லாம் முதலில் எழுதி வைத்தவளே அவள்தான். இது அப்படியில்லை. இதில் தன் கல்யாணத் தேதி இருந்தது. யாரோ படித்துவிட்டு, கையால் எழுதிய பதில். உமேஷ் என்று ஒருவர் இருப்பதே அவளுக்குத் தெரியாது. அவளுக்குத் தெரிந்து அந்த பேஜில் இருப்பது அவள் அம்மா மட்டும்தான்.

ரொம்ப நேரம் கழித்து, "சரிம்மா" என்று எழுதினாள். உமேஷ் அதற்கு ஒரு ஹார்ட் போட்டுவிட்டு அடுத்த கடை வேலையைப் பார்க்கப் போனார்.

ஜனவரி இருபத்தைந்து ஞாயிற்றுக்கிழமை. குளோரியா விடியற்காலையே பெட்டியைத் தூக்கிக்கொண்டு அடுகோடிக்குப் போனாள். ரக்ஷிதாவுக்கு அன்று அவள் கட்டிவிட்ட புடவை மாதிரி அதற்கு முன்னால் கட்டியதில்லை என்று அவளே சொன்னாள். பொட்டு வைக்கும் நேரம் அந்தப் பெண்ணின் அம்மா தேம்பித் தேம்பி அழ, பெண்ணும் அழ, குளோரியா, "அழாதீங்கம்மா, ரெண்டு மணி நேர உழைப்பு, ஒரு நிமிஷத்துல கரையுது" என்று அதட்டி எல்லோரையும் சிரிக்க வைத்திருக்கிறாள். அதை வீடியோவும் எடுத்தாள். அதே நேரத்தில் அதே ஓசூர் ரோட்டில், இன்னும் கொஞ்சம் தள்ளி, அவள் வயிற்றில் பிறந்தவள் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆட்டோவில் போனால் எட்டிவிடுகிற தூரம். ஞாயிற்றுக்கிழமை காலை ரோடும் காலியாகத்தான் இருந்தது.

குளோரியா தன் பேஜைப் பார்க்கிறாளோ இல்லையோ, மற்ற பார்லர்காரிகளின் பேஜை விடாமல் பார்ப்பாள். எவள் என்ன போடுகிறாள், எவள் விலையைக் குறைக்கிறாள் என்று சாப்பிடும்போதுகூட நோண்டிக்கொண்டிருப்பாள். இரண்டு நாள் கழித்து, சாப்பிட்ட கையைக் கழுவாமல் சந்தைக் கடந்து என் வீட்டுக்கு வந்தாள்.

"அக்கா, இது மௌரீன் மாதிரி இல்ல?"

பொம்மனஹள்ளியில் புதிதாகத் திறந்த ஏதோ பார்லரின் வீடியோ. மேக்கப் ரொம்ப லேசாகப் போட்டிருந்தார்கள். கன்னத்தில் பழைய பருத் தழும்பு அப்படியே தெரிந்தது. மறைக்க வேண்டாம் என்று அவளே சொல்லியிருப்பாள். கடைசியில் யாரும் வந்து பொட்டு வைக்கவில்லை. கண்ணாடியைப் பார்த்துத் தானே ஒட்டிக்கொண்டாள். ஒட்டிவிட்டு, சரியாக நடுவில் இருக்கிறதா என்று யாரையோ பார்த்துக் கேட்பதுபோலத் திரும்பினாள். வீடியோ அங்கே முடிந்தது.

"மாதிரி இல்லடி. மௌரீன்தான்" என்றேன்.

குளோரியா முதலில் அழவில்லை. கத்தினாள். நன்றி கெட்டவள், பெற்ற தாயிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை, எவளோ ஒருத்தியிடம் போய் மேக்கப் போட்டுக்கொண்டாள், அதுவும் ஐப்ரோகூடச் சரியாக எழுதத் தெரியாதவளிடம் என்று சந்தே கிடுகிடுத்தது. கத்திக்கொண்டே என் வீட்டிலிருந்தே உமேஷுக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் போட்டாள், அவளுக்கு எப்போதும் ஸ்பீக்கர்தான்.

"உமேஷ், இப்ப ஒரு பொம்மனஹள்ளி பார்லர் வீடியோ அனுப்பியிருக்கேன், அதுல ஒருத்தி பேரப் போட்டிருக்காங்க பாருங்க, பூனைப் படம் வச்சிருக்கிறவ. அவளை நம்ம பேஜ்லேர்ந்து பிளாக் பண்ணுங்க. இனிமே அவ என் பேஜையே பாக்கக் கூடாது."

"ஒரு நிமிஷம் மேடம்." அவர் எதையோ தட்டுகிற சத்தம் கேட்டது. "மேடம், இவங்க நம்மகிட்டதான் முதல்ல கேட்டிருக்காங்க. டிசம்பர்ல. டேட் இல்லைன்னு சொல்லிட்டோம்."

"என்ன கேட்டிருக்கா?"

அவர் படித்தார். பாவம், அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆர்டர் படிக்கிற குரலில்தான் படித்தார். பொட்டு வைக்க ஆள் வேணும் என்று முடித்தார். பிறகு தான் போட்ட பதிலையும் படித்தார். பிறகு, "சரிம்மான்னு போட்டிருக்காங்க மேடம். அவ்ளோதான். பிளாக் பண்ணிடட்டுமா?"

குளோரியா என் சமையலறை வாசற்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். உமேஷ், "மேடம், மேடம்" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். நான்தான் வாங்கி விஷயத்தைச் சொன்னேன். "நான் டேட் மட்டும்தானே பாத்தது ஆன்ட்டி. மேடம்தானே சொன்னது" என்று இரண்டு மூன்று தடவை சொன்னார். அழுகிற குரல்.

நான் மௌரீனின் நம்பரைப் போட்டுக் கொடுத்தேன். மணி அடித்தது. ரொம்ப நேரம் அடித்தது.

"ஹலோ."

"மௌரீன்." இத்தனை காலத்தில் குளோரியா அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை. "நான் பாக்கலடி. மாதா மேல ஆணை, நான் பாக்கவே இல்ல. வேற ஒருத்தரு பதில் போட்டுட்டாரு. நான் பாக்கலடி கண்ணு."

கட்டாகிவிட்டதோ என்று போனை எட்டிப் பார்த்தேன். ஓடிக்கொண்டிருந்தது.

"நீ பாக்கலன்னுதானேம்மா நான் வீட்ட விட்டே போனேன்" என்றாள் மௌரீன்.

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் குளோரியாவுக்குப் பதில் பேசத் தெரியும்.

"நான் இப்ப வரட்டுமாடி? எங்க இருக்கன்னு சொல்லு. ஆட்டோ புடிச்சு வந்துடறேன்."

"இப்ப எதுக்கும்மா? எல்லாம் ஆயிடுச்சு." மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "வேற தேதி இருந்தா சொல்றேம்மா."

போனை வைத்துவிட்டாள். குளோரியா அதற்கப்புறம் அழுததை எழுத எனக்குக் கை வரவில்லை. கோடி வீட்டுக்காரர் அன்று டிவியை அணைத்தே விட்டார்.

மௌரீன் என்னோடு பேசுகிறாள். ஒன்றிரண்டு தடவை போனும் செய்தாள், அம்மாவுக்கு உடம்பு எப்படி என்று கேட்டாள். வந்து போயேன் என்றால், "பாக்கலாம் ஆன்ட்டி" என்கிறாள். பார்லர் நடக்கிறது. பொட்டு வைக்கிற நேரம் வந்தால் குளோரியா ஊசியோ பின்னோ எடுக்கிற சாக்கில் வெளியே போய்விடுகிறாளாம், அதனால் வீடியோக்கள் இப்போது பூ வைப்பதோடு முடிந்துவிடுகின்றன. என்ன ஆச்சு என்று கேட்டு நிறையப் பேர் எழுதுகிறார்கள். உமேஷை அவள் நிறுத்தவில்லை. வீடியோ போடுவது மட்டும் அவர் வேலை. வருகிற மெசேஜ் எல்லாவற்றையும் இப்போது அவளே கண்ணாடி போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்து, ஒரு எழுத்து விடாமல், கடைசி வரை படிக்கிறாள். யார் என்ன கதை எழுதினாலும் படிக்கிறாள். பூனைப் படம் போட்ட கணக்கிலிருந்து இதுவரை எதுவும் வரவில்லை.